சுமையும் முதுகும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. நாமோ இன்று முதுகெலும்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. நம் ஊர் ஏரிக்கரையில் நாள்தோறும் விடியுமுன் 20 இளைஞர்கள் ஓடுகிறார்கள். காவலர் தேர்வுக்கும் படைத் தேர்வுக்கும் ஆயத்தம் செய்யும் பிள்ளைகள். பெரும்பாலோர் இச்சங்கத்தின் மாலை நேரப் பாடசாலையில் படித்தவர்கள். அவர்களுள் சிலர் பழைய புத்தகப் பையில் மணலை நிரப்பி, அதை முதுகில் இறுகக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். சுமையோடு ஓடிப் பழகினால், தேர்வு நாளில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் எளிதாகக் கடந்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம்.

சில மாதங்களுக்கு முன் அவர்களில் ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அன்று மாலை அவனுடைய தாயார் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஐயா, மூட்டை தூக்கும் பிழைப்பு எங்களோடு போகட்டும் என்றுதானே இவனைப் படிக்க வைத்தோம்! இவன் தானே தேடிப்போய்ச் சுமக்கிறானே, முதுகு கெட்டுவிடாதா?" என்று கேட்டார். திண்ணையில் இருந்த முதியவர் ஒருவர் குறுக்கிட்டு, "நாங்கள் 75 கிலோ நெல் மூட்டையைக் களத்திலிருந்து வண்டிக்குச் சுமந்தோம். எங்களுக்கு என்ன கெட்டுப்போயிற்று?" என்றார். சொல்லிவிட்டு எழுந்தபோது அவர் இரு கைகளையும் முழங்காலில் ஊன்றித்தான் எழுந்தார். நம் தந்தையாரோடு ஒரே களத்தில் மூட்டை தூக்கியவர் அவர். நம் தந்தையாரோ தம் கடைசிப் பத்தாண்டுகளில் மல்லாந்து படுத்து உறங்கியதே இல்லை.

ஆகவே, சுமை முதுகைக் கெடுக்குமா என்பது நமக்கு வெறும் உடற்கூற்றுக் கேள்வி அன்று. நாம் மருத்துவர் அல்லோம். படித்தும் கேட்டும் தெளிந்தவற்றையே சொல்கிறோம்.

முதுகெலும்பு ஒரே எலும்பு அன்று. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என அடுக்கிய முள்ளெலும்புகளும், அவற்றின் கீழ் ஒன்றாக இணைந்த எலும்புகளும் சேர்ந்ததே அது. அடுக்கிய எலும்புகளுக்கு நடுவே மெத்தை போன்ற வட்டுகள் இருக்கின்றன. வளர்ந்தவர் உடலில் இவ்வட்டுகளுக்கு இரத்தக் குழாய்கள் இல்லை எனலாம். அழுத்தம் ஏறும்போது அவற்றிலிருந்து நீர் வெளியேறுகிறது. ஓய்வில் மீண்டும் நீரும் ஊட்டமும் உட்புகுகின்றன. காலையில் இருந்த உயரத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மாலையில் குறைந்திருப்பதும், உறங்கி எழுந்தால் அது திரும்பிவிடுவதும் இதனால்தான்.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், முதுகுக்குச் சுமையும் வேண்டும், ஓய்வும் வேண்டும். எடையற்ற விண்வெளியில் வாழும் வீரர்களின் இடுப்பு, தொடை எலும்புகள் மாதத்துக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு தேய்கின்றன. சுமக்கும் எலும்பே உறுதிப்படும். எனவே சுமை என்றாலே கேடு என்று அந்தத் தாய் அஞ்ச வேண்டியதில்லை. அளவான எடையை முதுகோடு ஒட்டக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து, மெல்லப் பழகி நடப்பதால் நலமுள்ள முதுகு கெடுவதில்லை. பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பை பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று, பையின் எடையே முதுகுவலிக்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. ஆயினும் நடுவண் அரசின் 2020ஆம் ஆண்டுப் புத்தகப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்று வரையறுத்தது. வளரும் உடலுக்கு அந்த எச்சரிக்கை நன்றே.

அப்படியானால் நம் தந்தையாரின் முதுகைக் கெடுத்தது எது? சுமந்து நடந்ததைவிட, குனிந்து தூக்கியதே என்பது நம் துணிபு. சுவீடன் நாட்டு மருத்துவர் நாகெம்சன் இடுப்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தவர். நிமிர்ந்து நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 எனக் கொண்டால், முன்னால் குனியும்போது அது 150 ஆகிறது. குனிந்தபடி கையில் எடை ஏந்தினால் 200ஐயும் தாண்டுகிறது என்று கண்டார். ஒரு நாளில் நூறு முறை குனிந்து, பளுவோடு இடுப்பைத் திருப்பி, வலித்த நாளிலும் கூலிக்காகப் போனால் எந்த முதுகு தாங்கும்?

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு தூண்களும் மேலே ஒரு குறுக்குக் கல்லுமாக நிற்கும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நாட்டுவது வழக்கம். வழிநடப்பவர் குனியாமலும், பிறர் கைத்தாங்கல் இன்றியும், தலைச்சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறி, மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். தலைக்குச் சும்மாடு, வழிக்குச் சுமைதாங்கி. சுமப்பவனுக்கு ஓய்வு வேண்டும் என்பதைக் கல்லில் எழுதி வைத்தார்கள்.

நேபாள மலைப்பாதைச் சுமையாளர்களைப் பற்றி 2005இல் வெளியான ஆய்வொன்று, ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலான பளுவை நெற்றிப் பட்டையில் தாங்கிச் சுமப்பதைக் காட்டியது. அவர்கள் மெல்ல நடக்கிறார்கள். அடிக்கடி நின்று இளைப்பாறுகிறார்கள். ஆனால் சுமக்க முடிகிறது என்பதும், சுமந்தால் கேடில்லை என்பதும் ஒன்றல்ல. திண்ணை முதியவர் மறந்தது அதைத்தான்.

இனி ஓட்டத்துக்கு வருவோம். நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும்; அடி வைக்கையில் எழும் தாக்கம் உடல் எடையைவிடச் சிறிதே மிகும். ஓடும்போதோ இரு கால்களும் தரையை விட்டு எழுந்து விழுகின்றன. அத்தாக்கம் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. அந்தப் பிள்ளையிடம், "பையை நிறுத்துப் பார்த்தாயா?" என்று கேட்டோம். நிறுத்ததில்லை. கடைத் தராசில் வைத்தோம்; 14 கிலோ இருந்தது. அவனுடைய எடை 52 கிலோ. தன் எடையில் கால் பங்குக்கு மேல் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறான். அந்த 14 கிலோ, ஓட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் 28 முதல் 42 கிலோ வரை தாக்கத்தைக் கூட்டும். முழங்காலும் இடுப்பும் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும், எஞ்சியது முதுகுக்கு. 1500 மீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள்! போதாதற்கு, தளர்ந்த பை ஒவ்வோர் அடிக்கும் குதித்து முதுகைப் பின்னுக்கு இழுக்கும். வளரும் வயதில் இப்படி ஓயாமல் அடிபட்டால் இடுப்பு முள்ளெலும்பில் நுண்ணிய விரிசல் விழக்கூடும்.

நல்வேளையாக அவனுக்கு நேர்ந்தது தசைப் பிடிப்பே என்று அரசு மருத்துவர் கூறினார். படுத்தே கிடக்காமல் மெல்ல நடக்கச் சொன்னார். ஆறாவது வாரம் வெறும் முதுகோடு ஓடத் தொடங்கினான். ஆனால் வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலும், கால் மரத்தாலும், வலுவிழந்தாலும் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கலாகாது. சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனால் அந்த நாழிகையே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மாணவச் செல்வங்களே! காவலர் தேர்வில் எவரும் மூட்டை கட்டிக்கொண்டு ஓடச் சொல்வதில்லை. ஓட்டத்தை ஓடியே பழகுங்கள். தூரத்தையும் வேகத்தையும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். சுமை பழக வேண்டுமாயின் நடந்து பழகுங்கள். உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கில் தொடங்குங்கள். பையின் இரு வார்களையும் இறுக்குங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் போதும். வலி வந்தால் பையை இறக்கி வையுங்கள். அது கோழைத்தனம் அன்று.

பெரியோர்களே! 1946இல் அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், தொழிற்சாலையின் வார வேலைநேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கப்பட்டது. உழைப்புக்கு அளவு உண்டு என்று சட்டம் ஏற்றது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஊறு விளைவிக்கக்கூடிய பளுவைத் தூக்கச் செய்யலாகாது என்றது. 1967இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, வளர்ந்த ஆண் சுமப்பதற்கு 55 கிலோவை மேல்வரம்பாகப் பரிந்துரைத்தது. தொழிற்சாலைக்கு எழுதிய சட்டம் நெற்களத்துக்கு வரவில்லை. அங்கே நம்மவர்க்குக் கூலி நெல்லை மரக்காலால் தலைதட்டி அளந்தார்கள்; நம்மவர் முதுகில் ஏற்றிய பளுவை மட்டும் எவரும் அளக்கவில்லை. இன்று நம் பிள்ளையும் அளக்காமலே மணலை ஏற்றிக்கொள்கிறான் என்றால், தூக்க முடிந்த மட்டும் தூக்குவதே ஆண்மை என்ற பழைய பாடம் இன்னும் நம்மை விடவில்லை என்பதே பொருள்.

அந்தத் தாய்க்கு நாம் சொன்ன விடை இதுதான்: "அம்மா, சுமையால் முதுகு கெடாது, அளவில்லாத சுமையால் கெடும். அளக்கத் தெரிவதற்குத்தான் படிப்பு."

ஆகவே சங்கத்தாரிடம் நம் வேண்டுகோள் ஒன்று உண்டு. வெள்ளி விழா நினைவாகப் பாடசாலை வாயிலில் ஒரு நல்ல எடைப்பொறி வாங்கி வையுங்கள். ஏரிக்கரைக்குப் போகும் பிள்ளை முதலில் தன்னை நிறுக்கட்டும். பிறகு தன் பையை நிறுக்கட்டும். முதல் பையை நாமே வந்து நிறுத்துக் கொடுப்போம்.