கைவேலைக்கு விலை சொல்வது



தோட்டத்து மக்களுக்குக் கணக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பால்மரம் சீவுகின்ற ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். நேற்று எத்தனை கிலோ பால் நிறுத்தார், இந்த மாதம் மழையால் எத்தனை நாள் வேலை கெட்டது, கட்டிப்பாலுக்கு எவ்வளவு சேர்ந்தது என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லுவார். நிறுவையில் கொஞ்சம் குறைந்தாலும் கிராணியாரிடம் நின்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

அதே வீட்டில் அவருடைய மனைவியோ மகளோ அழகாகக் கோலம் போடுகிறார். காகிதப்பூ செய்கிறார், மணி கோக்கிறார், துணியில் பூவேலை செய்கிறார், கல்யாணத்திற்கு ஆரத்தித் தட்டு அலங்கரிக்கிறார். பட்டணத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து, "அக்கா, இந்தத் தட்டு எவ்வளவு?" என்று கேட்கிறார். நம் வீட்டு அம்மாள் என்ன பதில் சொல்கிறார்?

"நீங்களே பாத்துக் குடுங்கம்மா."

இன்றைய என் பேச்சு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதுதான்.

இப்படிச் சொல்வது நம் பண்பு என்று பலர் எண்ணுகிறார்கள். பண்பும் அதில் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் வேறொன்றும் ஒளிந்திருக்கிறது. தாயிடம் காசு கொடுக்காமல் கற்றதற்குக் காசு கேட்கலாமா என்ற கூச்சம் அது. வெளியே போய்ச் செய்தால்தான் வேலை, வீட்டில் உட்கார்ந்து செய்தால் பொழுதுபோக்கு என்ற நினைப்பும் அதில் சேர்ந்திருக்கிறது. பெரட்டுக்குப் போகிற நாளுக்குப் பேர் பதிவாகிறது. இரவு 9 மணியிலிருந்து 12 மணி வரை கண்ணைச் சுருக்கிக்கொண்டு மணி கோத்ததை எந்தப் புத்தகத்தில் பதிகிறோம்?

இதனால் வருகின்ற நட்டம் சிறிதன்று. நன்றாகப் படம் வரைகின்ற பெண் பிள்ளை, பதினேழு பதினெட்டு வயதில், "இதால என்ன பிரயோசனம்?" என்று தூரிகையைத் தூக்கி வைத்துவிடுகிறாள். முழங்கால் வலியால் செம்பனைக் காட்டுக்குப் போக முடியாத தாய்க்கு, உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரே வேலை கையில் இருந்தும், அது வருமானமாக மாறுவதில்லை.

கோலத்தையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் தீபாவளி நெருங்கும்போது பேரங்காடிகளிலும் ஓட்டல்களிலும் அலுவலக வாசல்களிலும் வண்ண அரிசிக் கோலம் போடுவது வழக்கமாகிவிட்டது. வீட்டு வாசலில் காலையில் இட்டு மாலைக்குள் கலைந்து போகும் கோலம் அன்று இது. தீபாவளி முடியும் வரை அப்படியே கிடக்க வேண்டும். ஆயிரம் பேர் நின்று பார்க்க வேண்டும். அரிசியைத் தரையில் கொட்டலாமா என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. மாவுக் கோலம் எறும்புக்கு உணவாகும் என்பார்கள். குளிர்சாதனக் கட்டடத்துக்குள் எறும்பு எங்கே வரும்? அந்த வழக்கை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. அந்தக் கோலத்தை இடுகிறவர்களுக்கு என்ன கூலி என்பதுதான் என் கேள்வி.

ஓர் அலுவலகத்தில் ஆறடிக் கோலம் போடச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அரிசி, சாயம், சுண்ணக்கட்டி எல்லாம் 45 வெள்ளி. வண்டிச் செலவு 20 வெள்ளி. ஆகக் கைக்காசு 65 வெள்ளி. இனி நேரத்தைப் பாருங்கள். முதலில் போய் இடத்தை அளந்து பார்த்து வர 1 மணி நேரம். சாயத்தைக் கரைத்து அரிசியில் பிசறி, பரப்பி, கிளறிவிட்டு உலர்த்த 3 மணி நேரம். தரையில் கோடு வரைய 1 மணி நேரம். பிறகு இரண்டு பெண்கள் குனிந்தபடி ஆளுக்கு 5 மணி நேரம் அரிசி தூவினால், அது 10 மணி நேரம். மொத்தம் 15 மணி நேர உழைப்பு.

"நீங்களே பாத்துக் குடுங்க" என்றதற்கு அவர்கள் 100 வெள்ளி கொடுத்தார்கள் என்று வையுங்கள். நூறு வெள்ளித் தாளைப் பார்த்ததும் மகிழ்ச்சிதான். ஆனால் 65 வெள்ளி செலவு போக மிச்சம் 35 வெள்ளி. அதைப் பதினைந்தால் வகுத்தால், ஒரு மணி நேரத்திற்கு 2 வெள்ளி 33 காசு.

2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பள ஆணைப்படி, மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. இந்த ஆணை முதலாளியிடம் வேலை செய்பவர்களுக்கு உரியது. சொந்தமாகச் செய்கிறவருக்கு இது பொருந்தாது. உண்மைதான். ஆனாலும் ஓர் அளவுகோலாக இதை வைத்துக்கொள்வதில் தவறில்லை. 15 மணி நேரத்திற்கு 130 வெள்ளி 80 காசு. அதோடு செலவு 65-ஐச் சேர்த்தால் 195 வெள்ளி 80 காசு. இதற்குக் கீழே போனால், கடையில் மேசை துடைக்கின்ற புதியவருக்குக் கிடைக்கும் கூலிகூட நமக்கு மிஞ்சாது. நம் கைத்திறனுக்கோ, இருபது ஆண்டுப் பழக்கத்திற்கோ இதில் இன்னும் ஒரு காசும் சேர்க்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்கு மேல் எவ்வளவு கேட்பது என்பது அவரவர் கைநேர்த்தியையும் கேட்கின்ற இடத்தையும் பொறுத்தது.

சரி, கணக்குப் போட்டாயிற்று. அதை வாயால் சொல்ல வேண்டுமே! அதுதான் கடினம். முதலில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பழகுங்கள். "ஆறடிக் கோலம், ஐந்து வண்ணம், 220 வெள்ளி, பாதி முன்பணம்" என்று எழுதி நீட்டிவிட்டால், பேச வேண்டிய தேவையே குறைந்துவிடுகிறது. விலையைக் குறைக்கச் சொன்னால் சட்டென்று தொகையைக் குறைக்காதீர்கள். "ஐந்தடியாகப் போடலாம், மூன்று வண்ணம் போதும் என்றால் குறையும்" என்று சொல்லுங்கள். வேலை குறைந்தால்தான் விலை குறையும் என்பது கேட்பவருக்கும் அப்போது விளங்கும். முன்பணத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். சாயம் போட்ட அரிசியைப் பிறகு சோறாக்க முடியாது.

கோயில் திருவிழாவுக்குச் செய்வதற்கும் விலையா என்று கேட்பீர்கள். கோயிலுக்குச் செய்வது உங்கள் பக்தி. அதில் நான் குறுக்கே வரவில்லை. உறவினர் கல்யாணம்தான் சிக்கல். "நம்ம பிள்ளை கல்யாணம், நீதான் மணவறைக்குப் பூ செஞ்சி குடுக்கணும்" என்று மாமி கேட்டால் மறுக்க முடியுமா? மறுக்க வேண்டாம். செய்து கொடுங்கள். ஆனால், "வெளியில இது 180 வெள்ளி மாமி, என் மொய்யா வச்சுக்குங்க" என்று சொல்லிக் கொடுங்கள். அடுத்த முறை மாமியே நாலு பேரிடம் அந்த விலையைச் சொல்லுவார்.

கலையை விற்பது இழிவு என்ற பேச்சும் நம்மிடையே உண்டு. இதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். சென்னையில் அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். அவரிடம் படித்த இளைஞர்கள் நல்ல ஓவியர்களாக வெளியே வந்தார்கள். ஆனால் ஓவியத்தை விற்றுப் பிழைக்க முடியவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பாத்தேக் துணி செய்தார்கள். ஆம், ஜாவாவிலும் நம் கிளந்தான், திரங்கானுவிலும் மெழுகு வைத்துச் சாயம் தோய்க்கிறார்களே, அதே பாத்தேக்தான். அதைச் செய்து, கண்காட்சி வைத்து விற்று, பணத்தைச் சேர்த்து, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரை ஓரமாக மணல் நிலம் வாங்கினார்கள். 1966-ஆம் ஆண்டில் அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. துணியும் தோலும் கொண்டு செய்த கைவினைப் பொருள்கள் சோறு போட்டன. மீதி நேரத்தில் தாம் விரும்பிய ஓவியங்களைத் தீட்டினார்கள். இந்தியாவின் பேர்பெற்ற ஓவியர்களும் சிற்பிகளும் அந்தக் கிராமத்திலிருந்து வந்திருக்கிறார்கள். விற்றதனால் அவர்கள் கலை தாழ்ந்துவிடவில்லை.

கூட்டாகச் சேர்ந்து நிலம் வாங்கிய இந்தக் கதை நமக்குப் புதிதன்று. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்களே! கைவேலை செய்கின்ற நாலு பெண்கள் ஒரு லயத்தில் இருந்தால், சாயமும் மணியும் மொத்தமாக வாங்கலாம். பெரிய ஆர்டர் வந்தால் பிரித்துக்கொள்ளலாம். முக்கியமாக, நால்வரும் ஒரே விலை சொல்லலாம். ஒருவர் 200 என்று சொல்ல, அடுத்த வீட்டார் 120-க்கு இறங்கினால், இருவருக்கும் கெடுதல். ஆதாயம் வாங்குகிறவருக்கு மட்டுமே.

பட்டணத்துக் கடைகளில் பொருளை வைத்து, "விற்ற பிறகு காசு" என்று சொல்வதும் உண்டு. இது தவறான ஏற்பாடு அன்று. ஆனால் எத்தனை தட்டு, என்ன விலை, கடைக்காரருக்கு எத்தனை விழுக்காடு, எந்தத் தேதியில் கணக்குப் பார்ப்பது, உடைந்தால் யார் பொறுப்பு, இவற்றை இரண்டு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் தெரிந்தவர்தானே என்று விட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்து மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

மளிகைக் கடையில் கடன் எழுதுவதற்கு வைத்திருப்பார்களே 555 புத்தகம், அதில் ஒன்று உங்களுக்கும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் செலவு, மறு பக்கம் வரவு. அதனடியில் எத்தனை மணி நேரம். மூன்று மாதம் எழுதினால் போதும், எந்தப் பொருள் சோறு போடுகிறது, எது வெறும் கைவலி என்று அந்தச் சின்னப் புத்தகமே காட்டிவிடும்.

இன்னொரு செய்தி. இதைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். புள்ளிக் கோலங்கள் பரம்பரையாக வந்தவை. அவை யாருக்கும் தனிச் சொத்து அல்ல. ஆனால் நீங்களே சிந்தித்துப் புதிதாக வரைந்த வடிவம் உங்களுடையது. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அந்த உரிமையைத் தானாகவே தருகிறது. வரைந்தவரின் ஆயுளுக்கும் அதற்குப் பின் 50 ஆண்டுகளுக்கும் அது நிற்கும். ஆகவே வடிவத்தை முதலில் தாளில் வரைந்து, பேரும் தேதியும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடித்த வேலையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, மூலையில் உங்கள் பேர் இருக்கும்படி பாருங்கள். நாலு பேருக்குத் தாராளமாகக் காட்டுங்கள்.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஒருவர் உங்களிடம் ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொன்ன படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஆர்டர் கொடுத்தவருக்கே போய்விடும். உங்கள் கோலத்தைப் படமெடுத்து நிறுவனத்தார் வாழ்த்து அட்டை அச்சடித்தாலும், நாட்காட்டி போட்டாலும், உங்களால் ஒன்றும் கேட்க முடியாமல் போகலாம். எனவே விலை எழுதுகின்ற அதே தாளில், "வடிவத்தின் உரிமை வரைந்தவருக்கே" என்று ஒரு வரி சேர்த்து, அவர்களுடைய கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.

தொடர்ந்து வியாபாரமாகச் செய்ய நினைப்பவர்கள், தீபகற்ப மலேசியாவில், தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பேரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப்பேர் வைத்துக்கொண்டால் 60 வெள்ளி. இரவுச் சந்தையில் மேசை போடுவதற்கு உரிமம் வேண்டும். அதை உங்கள் வட்டார நகராண்மைக் கழகத்தில் விசாரியுங்கள்.

தீபாவளிக் கோலத்திற்கு ஆர்டர் பிடிப்பதானால் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று மாதத்திற்கு முன்பே மாதிரிப் படங்களையும் விலைத் தாளையும் எடுத்துக்கொண்டு அலுவலகங்களுக்குச் சென்றுவிடுங்கள். அரிசிக்குச் சாயம் போட்ட பிறகு நன்றாக உலர விடுங்கள். ஈரத்தோடு டின்னில் அடைத்தால் பூசணம் பிடித்துவிடும்.