படகுப்பாதையும் பசளையும்

2021 நவம்பர் 23. கிண்ணியா, குறிஞ்சாக்கேணி. பாலவேலை முடியாததால் சனம் படகுப்பாதையில்தான் போய்வந்தது. அன்று காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்துபோனார்கள். அதன்பிறகு வீதியில் டயர் எரிந்தது. பாலத்துக்காகக் காத்திருந்தவர்களின் கோபம் அது.

அரசின் மீதான நம்பிக்கை பாலத்தில் மட்டும் தளரவில்லை. அதே மாதம்தான் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளைத் தடையைக் கைவிட்டது. அந்த ஆண்டு மே மாதம் ஒரு வர்த்தமானி, பசளை இறக்குமதி நின்றது. நாடு முழுக்க இயற்கை விவசாயம் என்றார்கள். நோக்கம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பெரும்போகம் தொடங்கும்போது கமக்காரர் கையில் யூரியாவும் இல்லை, போதிய சேதனப் பசளையும் இல்லை. சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையிலோ தீங்கான பற்றீரியா இருப்பதாகச் சொல்லித் திருப்பிவிட்டார்கள்!

சூழலைக் காக்கும் திட்டத்தை மக்கள் ஏற்பது, அதைச் சொல்லும் அரசை எவ்வளவு நம்புகிறார்கள் என்பதையும் பொறுத்தது. உலகின் பல நாடுகளில் ஆய்வாளர் கண்டதும் இதையே. காபன் வரியோ பசளைக் கட்டுப்பாடோ, முதலில் வயலுக்காரர் கேட்பது, "நட்டம் வந்தா ஆர் தாறது?"

பதில் பிந்தித்தான் வந்தது. 2022 ஜனவரியில், விளைச்சல் குறைந்த நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபாய் நட்டஈடு தருவதாக அறிவித்தார்கள். அதற்குள் பயிர் வயலில் மஞ்சளடித்துப் போயிருந்தது.