பொறுமையும் வாக்குறுதியும்

கிடைக்கப்போகும் பலன் தள்ளிப்போகத் தள்ளிப்போக, மனத்தில் அதன் மதிப்பு குறைந்துகொண்டே வரும். ஐந்து நட்சத்திர ஏ.சி.யின் விலையைப் பார்த்தவர் மூன்று நட்சத்திரத்துக்கு இறங்குவது இதனால்தான். கூடுதல் விலை கடையிலேயே கையைக் கடிக்கிறது. மின்கட்டணத்தில் மிச்சமாவதோ சிறுகச் சிறுக, பல ஆண்டுகளில் வருகிறது. அமெரிக்கர்கள் ஏ.சி. வாங்கும் விதத்தை ஆராய்ந்த பொருளியலாளர் ஜெரி ஹாஸ்மன், எதிர்கால மிச்சத்தை அவர்கள் ஆண்டுக்குச் சுமார் 20 சதவீதம் கழித்தே மதிப்பிடுகிறார்கள் என்று 1979இல் எழுதினார். வருமானம் குறையக் குறைய அந்தக் கழிவு கூடியது. ஆக, பொறுமையின்மையைக் குணக்கேடு என்று ஒதுக்கிவிட முடியாது.

பொறுத்தால் மேலான பரிசு உண்டு என்று சொல்லி, ஸ்டான்ஃபோர்டில் உளவியலாளர் வால்டர் மிஷல் குழந்தைகளிடம் நடத்திய மிட்டாய்ச் சோதனைகளில், தின்பண்டம் கண்ணுக்கு மறைவாக இருந்தபோது அவர்கள் கூடுதல் நேரம் காத்திருந்தார்கள். மன உறுதியைப் போலவே சூழலும் வேலை செய்கிறது.

ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் 2013ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் கூர்மையானது. குழந்தைகளிடம் பழைய கிரேயான்களைக் கொடுத்து, சற்றுப் பொறுத்தால் நல்லவை வரும் என்றார்கள். ஒரு பிரிவுக்கு அவை வந்தன. மறு பிரிவுக்கு மன்னிப்பு மட்டுமே வந்தது. அடுத்து ஸ்டிக்கர்களிலும் அதே கதை. பிறகு மிட்டாயை முன்னால் வைத்தபோது, வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். ஏமாந்த குழந்தை சட்டென்று எடுத்துத் தின்றது நியாயமான கணக்குதான்.

சுற்றுச்சூழல் திட்டங்கள் பலவும் இந்தக் கணக்கில்தான் தோற்கின்றன. வீட்டில் ஈரக் குப்பை, உலர் குப்பை என்று பிரித்து வைத்ததை வண்டிக்காரர் ஒன்றாகக் கொட்டுவதைப் பார்த்தவர் மறுநாள் பிரிக்க மாட்டார்.

நீலகிரியில் வேறு வழி பிடித்தார்கள். உடைந்த மதுபாட்டில்கள் காட்டில் யானைகளின் காலைக் கிழித்ததால், உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் 2022இல் டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அதைத் திருப்பித் தரத் தொடங்கின. காட்டின் நலனை எண்ணும் பொறுமையை அங்கே குடிப்பவரிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. பத்து ரூபாய் கைக்கு வந்துவிடுகிறது.

இன்று பட்டம் பெறுவோரில் பலர் நாளை இத்தகைய திட்டங்களை வகுக்கும் நாற்காலிகளில் அமர்வார்கள். மக்களிடம் பொறுமையைக் கேட்கும் முன், பிரித்த குப்பை பிரித்தபடியே போய்ச் சேருகிறதா என்று அவர்கள் ஒருமுறை வண்டியின் பின்னால் போய்ப் பார்க்கட்டும்.