தொழிலுக்கும் ஒரு வெள்ளோட்டம்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



புதுத் தொழில் ஒன்றைத் தொடங்க விரும்பும் இளைஞர் முதற்கண் யாது செய்தல் வேண்டும் என்பது பற்றிச் சில சொல்லுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். யான் பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவன். கடை நடத்திப் பழகியவன் அல்லன். ஆகவே என் அனுபவத்தை விடுத்து, உலகம் கண்ட சில உண்மைகளையே தங்கள் முன் வைக்கின்றேன்.

வெள்ளோட்டம் என்ற சொல்லை நாம் யாவரும் அறிவோம். புதுத் தேர் செய்தால் திருவிழாவிற்கு முன்னரே அதனை வீதியில் இழுத்துப் பார்க்கின்றோம். அச்சுத் தாங்குமா, சில்லு ஒழுங்காக உருளுமா, முடக்கிலே தேர் திரும்புமா என்பன அன்றே தெரிந்துவிடும். தொழிலுக்கும் இத்தகைய வெள்ளோட்டம் உண்டு. ஆயின் ஒரு வேறுபாடு: தேரை முற்றாகச் செய்த பின்பே வெள்ளோட்டம் விடுவர். தொழிலிலோ, பெருந்தேருக்கு மரம் வாங்கு முன்பே, ஒரு சிறு சகடையை உருட்டி வீதியை அறிதல் வேண்டும்.

இச்சகடையை ஆங்கிலத்தில் 'மினிமம் வயபிள் புரொடக்ற்' என்பர். பயன்படக்கூடியதும், ஆனால் இயன்றளவு சிறியதுமான முதற் பொருள் என்பது இதன் கருத்து. 2001ஆம் ஆண்டில் பிராங்க் றொபின்சன் என்பவர் இப்பெயரை இட்டார். 2011இல் எறிக் றீஸ் எழுதிய 'த லீன் ஸ்ராட்அப்' என்னும் நூல் இதனை உலகெங்கும் பரப்பியது.

அமெரிக்காவிலே நிக் சுவின்மேர்ன் என்பவர் 1999இல் இணையத்தின் மூலம் சப்பாத்து விற்க எண்ணினார். காலிற் போட்டுப் பாராமல் எவராவது சப்பாத்து வாங்குவரா? இதுவே அன்றைய ஐயம். அவர் பண்டசாலை கட்டினாரல்லர். ஆயிரஞ்சோடி வாங்கி அடுக்கினாருமல்லர். அயலிலிருந்த சப்பாத்துக் கடைக்குச் சென்று, அங்குள்ளவற்றைப் படம் பிடித்து இணையத்தளத்தில் இட்டார். எவரேனும் கேட்டால், அந்தக் கடையிலேயே முழுவிலை கொடுத்து வாங்கித் தபாலில் அனுப்பினார். இதில் இலாபம் இல்லை. ஆனால் மக்கள் வாங்குவர் என்ற ஓர் உண்மை கையில் வந்தது. அவ்வுண்மையின் மேல் எழுந்த ஸப்போஸ் நிறுவனத்தை 2009இல் அமேசன் நிறுவனம் ஏறக்குறைய 120 கோடி டொலர் பெறுமதிக்கு வாங்கிற்று.

இனி இதற்கு மறுதலையான கதை ஒன்று. வீட்டு வாசலுக்கே மளிகைப் பொருள்களைக் கொண்டுவரும் வெப்வான் என்ற நிறுவனம் தன் முதலாவது பெரும் பண்டசாலையை 1999இல் இயக்கத் தொடங்கியது. அப்பண்டசாலை தன் செலவுக்குத் தானே உழைக்குமா என்று பொறுத்துப் பாராமல், அதே ஆண்டிலேயே மேலும் பல நகரங்களிற் பண்டசாலைகள் எழுப்ப 100 கோடி டொலருக்கு ஒப்பந்தம் எழுதிற்று. 2001இல் கடை பூட்டப்பட்டது. மக்கள் வீட்டிலிருந்தே பொருள் வாங்குவர் என்ற எண்ணம் பிழையானதன்று. இன்று உலகெங்கும் அது நடைபெறுகின்றது. உண்மை தெரியு முன்பே முதலைக் கொட்டியதுதான் பிழை.

இவையெல்லாம் செல்வர் நாட்டுக் கதைகள் என்று சிலர் எண்ணலாம். வங்காளதேசத்தைப் பார்ப்போம். சிற்றகொங் பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்பித்த முகம்மது யூனுஸ், 1976இல் அயலிலிருந்த யோப்ரா என்ற கிராமத்தில், ஈடு எதுவும் கேளாமல் 42 ஏழைகளுக்குத் தம் சொந்தப் பணத்திற் கடன் கொடுத்தார். மொத்தத் தொகை 27 டொலர். ஏழைகள் கடனைத் திருப்பித் தரார் என்பதே வங்கிகளின் துணிபு. அவர்கள் திருப்பித் தந்தனர். அச்சிறு சோதனையே வளர்ந்து 1983இல் கிராமின் வங்கியாயிற்று. 2006இல் யூனுசும் அவ்வங்கியும் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 27 டொலரில் ஒரு வங்கியின் வெள்ளோட்டம் நடந்ததென்றால், நம்மிடம் முதலில்லை என்று கைகட்டி நிற்றல் தகுமோ?

தோழர்களே, நம் ஊரிலே தொழில் தொடங்குவது எவ்வாறு? அம்மாவின் தாலிக்கொடியும் காப்பும் ஈட்டுக்குப் போகும். கடைக்கு முற்பணம், கண்ணாடி அலுமாரி, பெயர்ப்பலகை, திறப்பு விழா. முதல் விற்பனைக்கு முன்பே முதல் முடிந்துவிடும். ஆறு மாதத்தில் பூட்டு விழுந்தால், நகை போனது மட்டுமோ? 'கடை பூட்டினவன்' என்ற பெயரோடு அந்தப் பிள்ளை ஊரில் தலைநிமிர்ந்து நடப்பது எங்ஙனம்? 2022இன் நெருக்கடியைக் கண்ட நமக்குக் கைமுதலின் அருமையை எவரும் சொல்லவேண்டியதில்லை. முதலை இழக்கச் செய்யும் முயற்சியை விலக்குமாறு வள்ளுவரும் 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்திற் கூறியுள்ளார்.

ஆகவே, ஒடியல் மாவைப் பொதிசெய்து கொழும்பில் விற்க ஒருவர் எண்ணுகின்றார் என்று கொள்வோம். அவர் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்கட்டும். ஒன்று, வாங்குபவர் யார்? கூழ் காய்ச்சத் தெரிந்த குடும்பமா, அன்றிச் சமையலுக்கு நேரமில்லாத உத்தியோகத்தரா? இரண்டு, என் எண்ணம் முழுவதும் எந்த நம்பிக்கையின் மேல் நிற்கின்றது? அஃது ஆட்டங்கண்டால் மற்றெல்லாம் விழும். அதனையே முதலிற் சோதிக்க வேண்டும். மூன்று, மிகக் குறைந்த செலவில் அதனை அறிவது எப்படி? இருபது பொதி போதும். அரைக்கும் இயந்திரம் வாங்க வேண்டாம், கூலிக்கு அரைப்பிக்கலாம். ஆனால் முழுவிலைக்கே விற்க வேண்டும். மாமியும் மச்சானும் 'நல்லாயிருக்கு' என்று சொல்வது விற்பனையாகாது. முன்பின் அறியாதவர் காசு கொடுத்து வாங்குவதும், அவரே இரண்டாம் முறை தேடி வருவதுமே சான்று. எத்தனை பேர் திரும்பி வந்தாற் பெருக்குவது, எத்தனைக்குக் குறைந்தால் விடுவது என்பதைத் தொடங்கு முன்பே கொப்பியில் எழுதிவிட வேண்டும். பின்னர் எழுதினால் நம் ஆசையே கணக்கெழுதும்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள். சிறியது என்றால் மட்டமானது என்று பொருளில்லை. இருபது பொதியாயினும் மா சுத்தமாயிருத்தல் வேண்டும். உணவுச் சட்டத்துக்கு அமைதல் வேண்டும். அடுத்து, சோதனையென்ற பெயரிற் பொய் புகலாகாது. சில துளி இரத்தத்திற் பல நோய்களைக் கண்டறிவோம் என்று விளம்பிய தெரனோஸ் நிறுவனத்தின் கருவி, சொன்னபடி இயங்கவில்லை. அதனை நிறுவிய எலிசபெத் ஹோம்ஸ், முதலீட்டாளரை ஏமாற்றிய குற்றத்துக்காக 2022இல் பதினோராண்டுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனை பெற்றார். சுவின்மேர்னிடம் பணம் கொடுத்தவருக்குச் சப்பாத்து வந்து சேர்ந்தது. வெள்ளோட்டத்துக்கும் வஞ்சகத்துக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

பெரியோர்களே, தங்களிடம் ஒரு விண்ணப்பம். ஓர் இளைஞன் தன் எண்ணத்தோடு தங்களிடம் வரும்போது, 'கடை எங்கே, எவ்வளவு பெரிது?' என்று கேளாதீர்கள். 'யாருக்கு விற்றாய், என்ன அறிந்தாய்?' என்று கேளுங்கள். கொடுக்கும் பணத்தை ஒரே முறையிற் கொடாமல், அவன் அறிந்துவந்த உண்மைக்குத் தக்கபடி சிறிது சிறிதாகக் கொடுங்கள். அவன் இருபது பொதியோடு நிறுத்திவிட்டு வந்து, 'இது சரிவராது' என்று சொன்னால், அவனைத் தோற்றவன் என்று எண்ணாதீர்கள். தாயின் காப்பைக் காப்பாற்றி வந்தவன் அவன். அடுத்த எண்ணத்தோடு மீண்டும் வருவான்.

தோழர்களே, பெரிதாக எண்ணுங்கள், சிறிதாகத் தொடங்குங்கள், கண்டதை மறையாமற் சொல்லுங்கள். இவ்வாண்டு முடியு முன் நம் மன்றத்து இளைஞருள் ஒருவரேனும் இருபது பொதியோடு வீதிக்கு இறங்குவாராயின், இப்பேச்சு பயன் பெற்றதாகும்.