டிபி போன இடத்தில் பூஞ்சை

ஆறு மாதம் டிபி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக் குணமானவருக்கு, சில வருடம் கழித்து மறுபடி இருமல், இளைப்பு, சளியில் ரத்தம். எக்ஸ்-ரேயில் நிழல் தெரிகிறது, சளியில் கிருமி இல்லை. 'டிபி திரும்பிவிட்டது' என்று அதே மாத்திரையை ஆரம்பிப்பதற்கு முன் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். 'சர்க்கரை இல்லை, எச்.ஐ.வி. இல்லை, இவருக்கு ஏது பூஞ்சை?' என்பார்கள். கொரோனா காலத்துக் கறுப்புப் பூஞ்சை அப்படி நினைக்கப் பழக்கிவிட்டது. நான் சொல்வது வேறு பூஞ்சை. ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் அதற்கு நுரையீரலில் ஒரு பொந்து கிடைத்தால் போதும். டிபி அரித்த குழிக்குள் ரத்த ஓட்டம் இல்லை. வெள்ளணுக்கள் அங்கே எளிதில் எட்டாது. மூச்சோடு போன வித்து அதில் முளைத்துப் பந்தாகத் திரளும். சி.டி. ஸ்கேனில் பந்தின் மேல் பிறை வடிவில் காற்று தெரியும். குப்புறப் படுக்கவைத்து எடுத்தால், பெரும்பாலும் பந்து மறுபக்கம் உருண்டிருக்கும். 1960களில் பிரிட்டனில், டிபி ஆறியும் இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாத குழி மிஞ்சிய 544 பேரைச் சோதித்தபோது, கால்வாசிப் பேர் ரத்தத்தில் இந்தப் பூஞ்சைக்கான எதிர்ப்பொருள் இருந்தது. வீட்டிலிருந்தே டிபியைக் குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது நம் சென்னை சேத்துப்பட்டில் உள்ள ஆராய்ச்சி நிலையம். அப்படிக் குணமானவர்கள் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாற்றிலும் இருக்கிறார்கள்; கிருமி போன பிறகும் சிலருக்குக் குழி அப்படியே நிற்கிறது.

பூஞ்சை வித்து எங்கும்தான் பறக்கிறது, ஐப்பசி மழையில் ஓதம் ஏறிய சுவரெல்லாம் பூஞ்சைதானே என்று கேட்கலாம். நியாயம்தான். அதனால்தான் சளியில் பூஞ்சை வளர்ந்தது என்பதை மட்டும் வைத்து நோய் என்று சொல்வதில்லை. நோய் இருந்தும் வளராமல் போவதும் உண்டு. மூன்று மாதமாவது நீடித்த தொந்தரவு, ஸ்கேனில் மாற்றம், ரத்தத்தில் ஆஸ்பெர்ஜில்லஸுக்கான ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள், இந்த மூன்றும் ஒத்துப்போய், வேறு காரணமும் இல்லை என்றால்தான் முடிவு. நம் ஊரில் டிபிதானே அதிகம், அதற்கே மருந்து கொடுப்பதுதானே பத்திரம் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. டிபியை முதலில் தேடுங்கள், மறுப்பில்லை. ஆனால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் வரை போய்த் தேடுங்கள், ஏனென்றால் ஜீன் சோதனை செத்த கிருமியைக்கூடக் காட்டும். கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும் மாத்திரை பத்திரமானதும் அல்ல. அதிலுள்ள ரிஃபாம்பிசின், பூஞ்சைக்கான இட்ராகோனசோலைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்துவிடும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பயனில்லை. இட்ராகோனசோலோ வேலை செய்கிறது: சண்டிகரில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் சாப்பிட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் தேறினார்கள், சாப்பிடாதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். 31 பேரே இருந்த சின்ன ஆய்வு என்றாலும் வித்தியாசம் பெரிது. சரியாகக் கண்டுபிடித்தால் மருந்து உண்டு; ஆகவே பழைய எக்ஸ்-ரே படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். குழி வளர்கிறதா, உள்ளே புதிதாக ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் உதவும். ரத்தம் கொட்டுகிற அளவுக்கு வந்தால் மட்டும் படத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.