பித்தப்பையை எடுத்த பிறகு குடிக்கலாமா?

(ஹட்டனில் நடைபெற்ற தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைய கூட்டத்தில் சம்பளம் பற்றிப் பேசினோம், காணி பற்றிப் பேசினோம். எனக்குத் தந்த தலைப்பு தொழிலாளர் சுகாதாரம். அதில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். லயத்து வாசலில் பலர் என்னிடம் கேட்ட கேள்வி அது: "டீச்சர், பித்தப்பையை எடுத்தாச்சு. இனிக் குடிச்சா ஆள் செத்துருவாரா?"

இதற்கு நம் லயங்களில் இரண்டு பதில்கள் உண்டு. ஒரு சொட்டு பட்டாலும் ஆள் முடிந்தார் என்பது ஒன்று. குளிருக்கு ஒரு கால் போத்தல் எடுத்தால் காயம் சீக்கிரம் ஆறும் என்பது மற்றது. இரண்டும் பிழை.

பித்தநீரைச் சுரப்பது ஈரல். பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கிற சிறிய பை மட்டுமே. எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்டால் பை சுருங்கி நீரைக் குடலுக்கு அனுப்பும். பையை எடுத்துவிட்டால், டாங்கி இல்லாத பீலியைப் போல நீர் கொஞ்சம் கொஞ்சமாக நேரே குடலுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். 1882இல் பேர்லின் நகரில் கார்ல் லாங்கன்புக் என்ற வைத்தியர் முதன்முதலில் இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்தார். அன்று தொட்டு எத்தனையோ பேர் பித்தப்பை இல்லாமல் நன்றாக வாழ்ந்திருக்கிறார்கள்.

சாராயத்தை உடைத்து வெளியேற்றுவதும் ஈரல்தான். பித்தப்பைக்கு அதில் வேலை இல்லை. ஆகவே, பை இல்லை என்ற ஒரே காரணத்தால், குணமான ஒருவருக்கு ஒரு வாய் சாராயம் விஷமாகிவிடாது.

இதைச் சொன்னதும் பின்வரிசையில் சில முகங்கள் மலர்வதைப் பார்க்கிறேன். அவசரப்படாதீர்கள்.

முதலாவது, காயம் ஆறும் காலம். வலிக்குப் பனடோல் தருவார்கள். சிலருக்கு மெட்ரோனிடசோல் தருவார்கள். இந்த மாத்திரைகளோடு குடிப்பது ஆபத்து. அளவுக்கு மிஞ்சிக் குடிக்கிறவருக்குப் புண் ஆறுவதும் தாமதமாகும், கிருமி தொற்றவும் இடமுண்டு.

இரண்டாவது, வயிறு. பை எடுத்தபின் சிலருக்குச் சில காலம் வயிற்றோட்டம் இருக்கும். சாராயமும் அதோடு சேரும் பொரியலும் அதைக் கூட்டும்.

மூன்றாவதுதான் பெரியது. கணையம் திடீரென்று வீங்கி ஆளைச் சாய்க்கும் நோய் ஒன்று உண்டு. அதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு: பித்தக்கல், குடி. கல்லுக்காக வயிற்றை அறுத்துக்கொண்ட மனுசன் குடியைத் தொடர்ந்தால், ஒரு வாசலை அடைத்துவிட்டு மற்ற வாசலைத் திறந்து வைக்கிறார். ஈரல் கெடுவதும் அப்படியே. பை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கெடும். குடியில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கசிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று காய்ச்சியவருக்கே தெரியாது.

இனி என் வீட்டுக் கதை. இதைச் சொல்ல எனக்குச் சில வருடங்கள் தேவைப்பட்டன.

என் அப்பா கவ்வாத்துக்காரர். மாலையானால் அரைப் போத்தல். பித்தக்கல்லுக்காக அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, மிஸ்ஸி படிவத்தை நிரப்பிக்கொண்டே "ஐயா குடிப்பாரா?" என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்தார். பக்கத்துக் கட்டிலில் என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தகப்பனார் இருந்தார். நான் "இல்லை மிஸ்ஸி" என்றேன்.

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாள் இரவு அப்பாவுக்குக் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. கூரையில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார். கையில் ஏற்றியிருந்த சேலைனைப் பிடுங்கப் பார்த்தார். அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். பேய் அடித்திருக்கிறது, கோடாங்கியைக் கூப்பிடுவோம் என்றார் மாமா. எனக்கு மட்டும் அது பேய் இல்லை என்று சந்தேகம். நடையில் நின்று வைத்தியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "முதலே சொல்லியிருந்தால் முதல் நாளே மருந்து தொடங்கியிருப்போம்" என்று மட்டும் சொன்னார்.

தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்புக்குச் சாராயம் சட்டென்று நின்றால் நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் எல்லாம் வரலாம். கவனிக்காவிட்டால் உயிரும் போகும். அதற்கு மருந்து இருக்கிறது. வைத்தியருக்குத் தெரிந்தால்தானே தருவார்? நான் காப்பாற்ற நினைத்தது டீச்சர் என்ற மரியாதையை. பணயம் வைத்தது அப்பாவின் உயிரை.

அதன்பின் அப்பா குடியை விட்டார் என்று முடித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் நடந்தது வேறு. வயிற்றைத் திறந்து செய்த சத்திரசிகிச்சை அவருக்கு. பல கிழமைகள் பாரம் தூக்கக் கூடாது என்று துண்டில் எழுதித் தந்தார்கள். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது. மூன்றாம் கிழமையே கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். வலி பொறுக்க முடியாமல் அன்று மாலையே தவறணைக்குப் போனார். இன்றைக்குக் குறைத்திருக்கிறார். நிறுத்தவில்லை.

தோழர்களே, தோட்டத்துச் சனம் குடிகாரச் சனம் என்று வெளியே பேசுகிறார்கள். சாராயக் குத்தகை வெள்ளைக்கார அரசாங்கத்துக்குப் பெரிய வருமானமாக இருந்த நாட்டில்தான் நம் தோட்டங்கள் உருவாகின. 1927 நவம்பரில் காந்தி மலையகத்துக்கு வந்தபோது குடியை விடுங்கள் என்று நம் தாத்தா பாட்டிகளிடம் கேட்டுக்கொண்டார். நூறு வருடம் ஆகப்போகிறது. புத்திமதிக்குக் குறைவே இல்லை. வலியோடு வேலைக்குப் போகிறவருக்குப் புத்திமதி மட்டும் போதாது.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்கிறேன்.

ஒன்று, நோயாளியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற தலைவர்களும் தலைவிகளும் குடியைப் பற்றிய உண்மையைச் சொல்லச் செய்யுங்கள். எவ்வளவு, எத்தனை வருடம், கடைசியாக எப்போது என்று சொல்ல வேண்டும். நிறுத்த விரும்புகிறவர் சத்திரசிகிச்சைக்குச் சில கிழமைகள் முன்பே வைத்தியரிடம் கேட்டு நிறுத்தட்டும். பேசுவதற்கு ஆள் வேண்டுமானால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம்.

இரண்டு, பையை எடுத்த ஒருவருக்குக் கண் மஞ்சளானாலோ, காய்ச்சலோடு வயிறு வலித்தாலோ, சிறுநீர் கறுத்து மலம் வெளுத்தாலோ, கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பித்தக்கல் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. அக்காமார் வலியைப் பொறுத்துக்கொண்டு கொழுந்து பறிக்காதீர்கள்.

மூன்று, சத்திரசிகிச்சை முடிந்தவருக்கு வைத்தியர் சொன்ன நாள் வரை இலேசான வேலையும் முழுப் பேரும் கிடைக்க வேண்டும். இதை நிர்வாகத்தோடு பேசும் கோரிக்கைகளில் சேர்க்க வேண்டும் என்று இந்தக் கூட்டத்தில் முன்மொழிகிறேன். கூடவே, சங்கத் தேர்தல் காலத்தில் போத்தல் கொடுக்கிற பழக்கத்தை நாமே நிறுத்த வேண்டும். அதைச் செய்யாமல் அடுத்தவருக்குச் சொல்ல நமக்கு வாய் இல்லை.

நாளைக்கு யாராவது உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். குடித்தால் செத்துருவாய் என்று பயங்காட்ட வேண்டாம். பயம் ஒரு மாதத்தில் தெளிந்துவிடும். உள்ளதைச் சொல்லுங்கள். அவருடைய துண்டை வாங்கிப் படித்துவிட்டு, அவருக்காகத் தோட்டத்து ஒபிசுக்கு நடந்து போங்கள்.