காணி இருக்கு, ஆள் இல்லை

(மலையகத் தியாகிகள் தினத்தை முன்னிட்டு ஜனவரி 10ஆம் திகதி நடந்த தோட்டக் கிளைக் கூட்டத்தில், ஆசிரியையும் அமைப்பாளருமான நமது தோழர் ஆற்றிய உரை.)



1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் இறந்தார். சம்பள உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தில் போன உயிர். அவரையும், அவருக்குப் பின்னால் விழுந்தவர்களையும் நினைக்கத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

இதே திகதிக்கு இன்னொரு கதையும் இருக்கிறது என்று போன மாதம் ஒருவர் எனக்கு ஞாபகப்படுத்தினார். எனக்கு மூன்றாம் வகுப்பில் கணக்குச் சொல்லித் தந்த மாஸ்டர் அவர். தோட்டத்தில் எல்லோரும் 'யாழ்ப்பாண மாஸ்டர்' என்போம். சொந்த ஊர் சரவணை. பென்ஷன் எடுத்து, யுத்தம் முடிந்த பிறகு ஊர் திரும்பிவிட்டார். இப்போது வயது 84. டிசம்பர் லீவில் அவரைப் பார்க்கப் போனேன். யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, பண்ணைக் கடலைத் தாண்டி வேலணைத் தீவுக்குள் போக வேண்டும். இரண்டு பக்கமும் பனை. நடுவில் கூரை இல்லாத வீடுகள், பூட்டிய கேற்றுகள்.

மாஸ்டர் திண்ணையில் பேப்பரோடு இருந்தார். "1974 ஜனவரி 10, யாழ்ப்பாணத்திலை தமிழாராய்ச்சி மாநாட்டுக் கடைசி நாள். நானும் அந்தச் சனத்துக்குள்ளை நிண்டனான். பொலிஸ் புகுந்து 9 உயிர் போச்சு. உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே திகதி. ஆனால் நாங்கள் உங்கட கோவிந்தனை நினைக்கிறேல்லை, நீங்கள் எங்கட ஒன்பது பேரை நினைக்கிறேல்லை" என்றார்.

பிறகு பண்டிகைப் பேச்சு வந்தது. கோயில் திருவிழாவுக்கு கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸிலிருந்து ஆட்கள் வருவார்களாம். பத்து நாள் ஊர் நிறைந்திருக்குமாம். தேர் முடிந்து கொடி இறங்கினால் திரும்பவும் கேற்றுக்குப் பூட்டு. "பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை இல்லை, கிணத்திலை அள்ள ஆள் இல்லை. லீவுக்கு மட்டும் இருக்கிற ஊர் இது" என்றார்.

எனக்கு நம்ம தோட்டம்தான் ஞாபகம் வந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பில் கடையிலும் வீட்டு வேலையிலும் நிற்கிற பிள்ளைகள் வருகிறார்கள். மூன்று நாள் லயம் கலகலக்கிறது. நாலாம் நாள் பஸ் ஏறிவிடுகிறார்கள். நமக்கு மிஞ்சுவது மாசாமாசம் வெட்டுப்படுகிற முற்பணக் கடன். இதைச் சொன்னேன்.

மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஒரு வித்தியாசம் இருக்குப் பிள்ளை. எங்களிட்டைக் காணி இருக்கு, ஆள் இல்லை. உங்களிட்டை ஆள் இருக்கு, காணி இல்லை."

தோழர்களே, போன நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கண்டி, நுவரெலியா, பதுளை மலைகள் சரிந்தன. அந்தச் செய்திகளை மாஸ்டர் வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டி வைத்திருந்தார். தான் படிப்பித்த பக்கத்துத் தோட்டங்களுக்குக் கீழே சிவப்புக் கோடு. "தோட்டத்தின்ரை பேர் வருது, எத்தினை குடும்பம் எண்டு கணக்கு வருது. ஆக்களின்ரை பேர் எங்கை?" என்று கேட்டார்.

மீரியபெத்தையை மறந்திருக்க மாட்டீர்கள். 2014 ஒக்டோபர் 29, தீபாவளி முடிந்து ஒரு வாரம். காலையில் மண் வந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்து பார்த்தால் வீடும் இல்லை, அம்மா அப்பாவும் இல்லை. அது ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். "ஏன் எழும்பிப் போகவில்லை?" என்று அப்போதும் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள். எங்கே போவது? லயமும் தோட்டத்துடையது, அது நிற்கிற மண்ணும் தோட்டத்துடையது. 7 பேர்ச்சஸ் வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்தவர்களில்கூட உறுதி கைக்கு வராதவர்கள் உண்டு.

புயலுக்குப் பிறகு, வடக்கில் வெறுங்காணி கிடக்கிறது, வந்து குடியிருக்கலாமே என்று சிலர் பேசினார்கள். அதையும் மாஸ்டரிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "கூப்பிடுறது நல்ல மனம். வர விரும்பினவை வரட்டும். ஆனால் 77லையும் 83லையும் அடிபட்டு வந்த உங்கட சனத்துக்கு வன்னியிலை நடந்ததையும் யோசி. கனபேர் எங்கட வயல்களிலை கூலிக்குத்தான் நிண்டவை. உறுதி இல்லாமல் இண்டைக்கும் இருக்கினம். நானும் முப்பது வருசத்துக்கு மேலை உங்கட பிள்ளையளைப் படிப்பிச்சன். லீவு விட்டால் யாழ்தேவி பிடிச்சு ஊருக்கு ஓடிவிடுவன். ஒரு பொங்கல்கூட உங்கட லயத்திலை நிண்டு பொங்கேல்லை. அதாலை, எங்கை இருக்கிறது எண்டு நாங்கள் சொல்லக்கூடாது. நீங்கள் சொல்லோணும்."

நான் சொல்வது இதுதான். 200 வருடம் காடு வெட்டி, கொழுந்து பறித்து, செத்தவர்களையும் இதே மண்ணில் புதைத்தவர்கள் நாம். வடக்குக்குப் போக விரும்புகிற குடும்பத்தை யாரும் தடுக்க வேண்டாம். ஆனால் இங்கே இடமில்லை என்பதற்காக ஒரு குடும்பமும் போகக்கூடாது. இதே மாவட்டத்தில், சரியாத நிலத்தில், புருஷன் பெண்சாதி இருவர் பெயரிலும் உறுதியோடு காணி வேண்டும். செக்ரோல் நம்பர் நமக்கு ஒரு நாள் பேர் போடத்தான் உதவும். உறுதியில் இருக்கிற பெயர்தான் நம் பிள்ளைக்குப் போகும்.

பொங்கலுக்கு பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்கு வருகிறார்கள். அந்த மூன்று நாளை வீணாக்காதீர்கள். எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு லயம் லயமாகப் போங்கள். எந்தச் சுவரில் வெடிப்பு, எந்த லயத்துக்குப் பின்னால் மண் இறங்கியிருக்கிறது, அங்கே யார் யார் இருக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள், இன்னும் பள்ளிக்கூடத்திலோ உறவுக்காரர் வீட்டிலோ தங்கியிருப்பவர்கள் யார் என்று எழுதுங்கள். எண்ணிக்கை மட்டும் வேண்டாம், பெயர் வேண்டும். எழுத ஆள் இல்லாத தோட்டத்துக்கு நாங்கள் ஆசிரியர்கள் வருகிறோம். அந்தப் பட்டியலோடுதான் பிரதேச செயலகத்துக்கும் தோட்டக் கந்தோருக்கும் போகப்போகிறோம்.

புறப்படும்போது மாஸ்டர் அந்தக் கொப்பியை என் கையில் தந்தார். பாதிப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. "மிச்சத்தை நீங்கள் எழுதுங்கோ" என்றார். இதோ இருக்கிறது. பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு இதே மண்டபத்தில் இதைத் திறந்து வைத்திருப்பேன். ஒவ்வொரு கிளையும் பட்டியலோடு வர வேண்டும்.